ஒன்பது இஞ்ச் சுவரும் ஒரு சாண் ஏர்ஹோலும்

நெய்யாற்றின்கரையைத் தாண்டித் தெற்கே போகும் தேசிய நெடுஞ்சாலை 66, அமரவிளைப் பாலம், உதியன்குளங்கரை, பாறசாலை என்று ஊர் ஊராகத் தொட்டுவிட்டுக் களியக்காவிளையில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. வழிநெடுக வீடுகள் சாலையை ஒட்டியே நிற்கின்றன. பல வீடுகளுக்கு முற்றம் என்று சொல்லிக்கொள்ள இரண்டடிகூட இல்லை. கேரள அரசு பஸ்ஸும் தமிழ்நாட்டு அரசு பஸ்ஸும் போட்டி போட்டு ஹாரன் அடிக்கும் பாதை இது. விழிஞ்ஞம் துறைமுகக் கட்டுமானம் 2015 இறுதியில் தொடங்கிய பிறகு, குமரி மாவட்டக் குவாரிகளிலிருந்து பாறை ஏற்றிய டிப்பர்களும் எல்லை தாண்டி வர ஆரம்பித்தன. போதாக்குறைக்குத் திருவிழா மைக்செட், கன்வென்ஷன் மைக்செட், கல்யாண மண்டப மைக்செட்.

இங்கே வீடு கட்டத் தொடங்குகிறவர் முதலில் கேட்பது இதைத்தான்: "மேஸ்திரி, எந்தக் கல்லு வச்சுக் கெட்டினா ரோட்டுச் சத்தம் உள்ள வராது?"

மேஸ்திரியிடம் பதில் தயாராக இருக்கும். "ஒம்பதிஞ்சு கெட்டுங்க சாரே, பின்ன ஒண்ணும் பேடிக்காண்டாம்."

மேஸ்திரி சொல்வதில் பாதி சரி. அந்தப் பாதி ஏன் சரி என்பதற்கு இயற்பியலில் நூறாண்டு வயதுள்ள ஒரு விதி இருக்கிறது. மீதிப் பாதி தவறிப்போவதற்குக் காரணம் சுவரிலேயே, ஜன்னலுக்கு மேலே, ஒரு சாண் உயரத்தில் திறந்து கிடக்கிறது.

முதலில் சரியான பாதி. காற்றில் வரும் ஒலி சுவரில் மோதும்போது சுவரைத் தள்ளுகிறது. சுவர் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு அசைந்து, மறுபக்கக் காற்றைத் தள்ளுகிறது. உள்ளே கேட்பது அந்த இரண்டாவது தள்ளலைத்தான். காலி வண்டியைத் தள்ளினால் உடனே நகர்கிறது, செங்கல் ஏற்றிய வண்டி நகர மறுக்கிறது. சுவரும் அப்படியே. ஒரு சதுர மீட்டர் சுவர் எத்தனை கிலோ என்பதுதான் முதல் கணக்கு. அந்த எடை இரண்டு மடங்கானால், கணக்குப்படி சுமார் 6 டெசிபல் கூடுதலாகத் தடைபடும். நடைமுறையில் 5 என்று வைத்துக்கொள்ளலாம்.

டெசிபல் என்பது மடக்கைக் கணக்கு. 10 டெசிபல் குறைந்தால் ஒலியின் ஆற்றல் பத்தில் ஒன்றாகிறது, காதுக்கோ சத்தம் ஏறக்குறையப் பாதியாகத் தோன்றுகிறது. 50 டெசிபல் தடுக்கும் சுவர், மோதும் ஒலி ஆற்றலில் ஒரு லட்சத்தில் ஒரு பங்கை மட்டும் உள்ளே விடுகிறது. சாதாரணமாக 3 டெசிபலுக்குக் குறைவான வித்தியாசத்தைக் காது பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. இந்த மூன்று எண்களையும் நினைவில் வைத்திருப்பவரைக் கட்டடப் பொருள் விற்பவர் ஏமாற்றுவது சிரமம்.

இந்த எண்களோடு பாறசாலைப் பக்கத்துச் சுவர்களை நிறுத்துப் பார்க்கலாம். செங்கல்லை அகலவாட்டில் வைத்து இரு பக்கமும் பூசிய ஒன்பது இஞ்ச் சுவர் சதுர மீட்டருக்கு 450 கிலோவை ஒட்டி வரும். அது 50 டெசிபல் அளவுக்குத் தடுக்கும். அறைகளுக்கு நடுவே வைக்கும் நாலரை இஞ்ச் சுவர் 250 கிலோ, 45 டெசிபலை ஒட்டித் தடுக்கும். ஒன்பது இஞ்ச் கனத்தில் கட்டிய வெட்டுக்கல் சுவரும் எடையில் செங்கல் சுவருக்குக் குறைந்ததில்லை. ஹாலோபிரிக்ஸ் எனப்படும் எட்டு இஞ்ச் சிமென்ட் கட்டை, உள்ளே பாதிக்குப் பாதி வெற்றிடம் என்பதால், பூச்சோடு சேர்ந்து 300 கிலோவுக்குள் நின்றுவிடும். இப்போது எல்லாரும் பேசும் ஏஏசி கட்டை, அதாவது நுரைபோலக் காற்றுக்குமிழ்கள் நிறைந்த இளம் சாம்பல் நிறக் கல், அதே எட்டு இஞ்சில் பூச்சோடு 170 கிலோதான். அதன் தடுப்பு 40-க்கும் 45-க்கும் இடையில். வெயிலைத் தடுப்பதில் அது கெட்டிக்காரன். அதே நுரைத்தன்மையே ஒலிக்கு முன் அதைப் பலவீனமாக்குகிறது. வெப்பத்தைத் தடுப்பது சிக்கிக்கொண்ட காற்று, ஒலியைத் தடுப்பது எடை. 'வெயிலும் வராது சத்தமும் வராது' என்று ஒரே மூச்சில் சொல்லும் விளம்பரங்கள் இந்த இரண்டையும் குழப்பியே பிழைக்கின்றன.

வேடிக்கை என்னவென்றால், இந்த வரிசையில் முதலிடத்துக்கு வருவது இடித்துத் தள்ளப்பட்ட பழைய மண்சுவர். ஓலை மேய்ந்த காலத்தில் இந்தப் பகுதியில் ஒரு அடி, ஒன்றரை அடி கனத்துக்கு மண் குழைத்து வைத்தார்கள். ஒரு அடி மண்சுவரே சதுர மீட்டருக்கு 500 கிலோ தாண்டும். ஆனால் அந்த வீட்டில் யாரும் அமைதியைத் தேடியிருக்க வாய்ப்பில்லை, ஏனென்றால் சுவருக்கும் கூரைக்கும் நடுவே காற்றுப் போக இடம் விட்டிருந்தார்கள். ஓட்டு வீடுகளிலும் அதே கதை. உள் சுவர்கள் உத்தரத்தோடு நின்றுவிடும். மேலே ஓட்டுக்கு அடியில் எல்லா அறைகளும் ஒரே அறை. மாமியார் அறையில் பேசுவது மருமகள் அறையில் கேட்டதற்குச் சுவரைக் குற்றம் சொல்ல முடியாது.

மண்ணும் செங்கல்லும் போய் லேசான கட்டைகள் வந்ததற்கு ரசனை மட்டும் காரணமில்லை. 2008-இல் கேரளம் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. வயலில் களிமண் வெட்டிச் சூளை வைப்பது பழையபடி நடக்கவில்லை. செங்கல் குமரி மாவட்டத்துச் சூளைகளிலிருந்து எல்லை தாண்டி வருகிறது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு தாலுக்கா சென்னை மாநிலத்துக்குப் போக, நெய்யாற்றின்கரை தாலுக்கா கேரளத்தில் நின்றது. அன்று விழுந்த கோட்டைக் கொத்தனார்களும் செங்கல்லும் இன்றுவரை பெரிதாகக் கண்டுகொண்டதில்லை. ஆனாலும் லாரி வாடகை ஏறும்போது ஹாலோபிரிக்ஸ் மலிவாகத் தெரிகிறது. இப்படியாக, சாலையில் சத்தம் கூடிய அதே ஆண்டுகளில் சுவர்களின் எடை குறைந்துகொண்டு வந்திருக்கிறது.

ஹாலோபிரிக்ஸ்காரர்கள் மனம் தளர வேண்டியதில்லை. அந்தக் கட்டை கரடுமுரடானது, உடம்பெல்லாம் நுண்துளை. பூசாமல் விட்டால் காற்று அதன் வழியே கசியும், காற்றோடு ஒலியும் கசியும். இரு பக்கமும் நன்றாகப் பூசினாலே பல டெசிபல் லாபம். பணம் தீர்ந்துபோய் வெளிப்பக்கம் பூசாமல் ஐந்து வருடம் குடியிருக்கும் வீடுகள் இங்கே ஏராளம். அந்தப் பூச்சுதான் அவர்கள் வாங்கக்கூடிய மிக மலிவான ஒலித்தடுப்பு. மண்ணை அழுத்திச் செய்யும் இன்டர்லாக் கல்லுக்கும் இது பொருந்தும். எடையில் அது குறைந்ததில்லை. ஆனால் சாந்து இல்லாமல் ஒன்றோடொன்று கோத்து அடுக்குவதால் ஒவ்வொரு மூட்டும் ஒரு நூல் இடுக்கு. கல்லின் அழகு தெரியட்டும் என்று அப்படியே விடுகிறவர், குறைந்தது உள்பக்கத்தையாவது பூசிக்கொள்வது நல்லது.

சுவரின் எடையைப் பேசும்போது லாரி பேக்கரைத் தாண்டிப் போக முடியாது. இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1917-இல் பிறந்து, 1970 வாக்கில் திருவனந்தபுரத்தில் குடியேறிய இந்தக் கட்டடக் கலைஞர், செங்கல்லைக் குப்புற வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவே மூன்று இஞ்ச் வெற்றிடம் விட்டுக் கட்டும் முறையைக் கேரளத்தில் பரப்பினார். எலிப்பொறிக் கட்டு என்பது அதன் பெயர். திருவனந்தபுரத்தின் உள்ளூர் என்ற பகுதியில் உள்ள வளர்ச்சி ஆய்வு மையக் கட்டடங்கள் தொடங்கி எளிய குடும்பங்களின் வீடுகள் வரை அவர் கைவண்ணம் பரவியிருக்கிறது. 1985-இல் தொடங்கிய காஸ்ட்ஃபோர்டு நிறுவனம் இன்றும் அந்த வழியில் கட்டுகிறது. ஒன்பது இஞ்ச் கனம் கிடைக்கும், செங்கல் நான்கில் ஒரு பங்கு மிச்சமாகும், வீடு குளிரும்.

நடுவே காற்றறை இருக்கிறதே, ஒலியையும் அதிகம் தடுக்குமா? கேட்கத் தோன்றும் கேள்விதான். பதில் கொஞ்சம் ஏமாற்றம் தரும். இரட்டைச் சுவர் ஒலியைத் தடுக்க வேண்டுமானால் இரண்டு சுவரும் ஒன்றையொன்று தொடக்கூடாது. எலிப்பொறிக் கட்டில் குறுக்கே போகும் செங்கற்கள் இரண்டு முகங்களையும் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஒரு முகம் அசைந்தால் மறுமுகமும் அசையும். ஆகவே ஒலி அதை ஒற்றைச் சுவராகவே பார்க்கிறது, அதுவும் நான்கில் ஒரு பங்கு எடை குறைந்த சுவராக. எடைக் கணக்குப்படி இழப்பு இரண்டரை டெசிபல். காது இதைக் கண்டுபிடிப்பது கடினம். செங்கல்லில் மிச்சமான பணத்தை நல்ல ஜன்னலுக்குப் போட்டால் அந்த இழப்பைப் போல பல மடங்கு திரும்பி வரும். பேக்கர் வழியில் கட்ட நினைப்பவர் சத்தத்துக்குப் பயந்து பின்வாங்க வேண்டியதில்லை.

உண்மையான இரட்டைச் சுவருக்கும் ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு பலகைகளும் நடுவே உள்ள காற்றும் சேர்ந்து சுருள்வில்போல ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஆடும். அந்த அதிர்வெண்ணில் சுவர் தடுப்பதை விட்டுவிட்டு ஒலிக்குத் துணைபோகும். பக்கத்துக்கு ஒரு ஜிப்சம் பலகை, நடுவே ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி என்று ஒரு தடுப்பு வைத்தால், அந்த ஆட்டம் சுமார் 120 ஹெர்ட்ஸில் வந்து நிற்கிறது. மேடேறும் டிப்பரின் உறுமலும் திருவிழா பாக்ஸின் அடித்தொனியும் வாழும் இடம் அதுவே. அதே இடைவெளியில் இரண்டு நாலரை இஞ்ச் செங்கல் சுவர்களை ஒன்றையொன்று தொடாமல் கட்டினால் ஆட்டம் 24 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். அங்கே காதுக்கு வேலை குறைவு. நகரத்து அலுவலகத்தில் பேச்சுச் சத்தத்தை அழகாக அடக்கும் ஜிப்சம் தடுப்பு, நெடுஞ்சாலை ஓரத்துப் படுக்கையறையில் தோற்பதற்குக் காரணம் இந்த வேறுபாடு.

எந்தச் சத்தம் என்று கேட்காமல் எந்தச் சுவர் என்று கேட்பதில் உள்ள சிக்கல் இங்கேதான். எடை விதியில் அதிர்வெண்ணுக்கும் பங்கு உண்டு. அதிர்வெண் பாதியானால் அதே சுவரின் தடுப்பு 6 டெசிபல் குறையும். 1000 ஹெர்ட்ஸ் சீறலுக்கும் 100 ஹெர்ட்ஸ் உறுமலுக்கும் நடுவே, கணக்குப்படி, 20 டெசிபல் பள்ளம். இதைப் பார்க்கப் பாறசாலை வட்டாரத்தைவிடத் தோதான இடம் கிடைப்பது அரிது, ஏனென்றால் இங்கே ஒன்றுக்கொன்று பக்கத்தில் இரண்டு வகைச் சாலைகள் ஓடுகின்றன. பழைய சாலையில் வண்டிகள் ஊர்ந்து, கியர் மாற்றி, ஹாரன் அடித்துப் போகின்றன. அங்கே எழுவது இன்ஜின் சத்தம், தாழ்ந்த தொனி. புறவழிச்சாலையின் முக்கோலா–காரோடு பகுதியோ தாருக்குப் பதில் காங்கிரீட் போட்ட நான்கு வழிப்பாதை. வேகம் கூடக் கூட இன்ஜினைவிட டயர்தான் அதிகம் சத்தமிடும், காங்கிரீட் தளத்தில் அது தூக்கலாகவே கேட்கும். அந்தச் சத்தத்தின் உச்சம் 1000 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கிறது. காரோட்டில் வீடு கட்டுகிறவருக்குச் சுவர் பெரிய பிரச்சினையே இல்லை, சாதாரண ஹாலோபிரிக்ஸ் சுவரே அந்தச் சீறலை அடக்கிவிடும். அவர் பார்க்க வேண்டியது இடுக்குகளை. பாறசாலைச் சந்திப்பில் கட்டுகிறவருக்கு எடையும் வேண்டும், இடுக்கும் அடைபட வேண்டும்.

1979-இல் திறந்த திருவனந்தபுரம்–கன்னியாகுமரி ரயில்பாதை தனுவச்சபுரம், பாறசாலை வழியாகப் போகிறது. அதன் ஓரத்து வீடுகளுக்கு இன்னொரு தொல்லை. தடதடப்பில் ஒரு பங்கு தரை வழியாக அஸ்திவாரம் ஏறி வருகிறது. இதற்குச் சுவரில் மருந்து இல்லை.

இனி மேஸ்திரி தவறவிட்ட பாதி. நாலு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் உயரம் உள்ள ஒரு படுக்கையறைச் சுவர், பன்னிரண்டு சதுர மீட்டர். 50 டெசிபல் தடுக்கும் ஒன்பது இஞ்ச் செங்கல். ஜன்னலுக்கு மேலே, இந்தப் பகுதி வழக்கப்படி, காற்றோட்டத்துக்கு ஒரு ஏர்ஹோல்: அறுபது சென்டிமீட்டர் நீளம், இருபது சென்டிமீட்டர், அதாவது ஒரு சாண், உயரம். மொத்தச் சுவரில் அதன் பரப்பு சரியாக நூற்றில் ஒரு பங்கு. திறந்த துவாரம் தன்மீது விழும் ஒலியை அப்படியே உள்ளே விடுகிறது. நூற்றில் ஒரு பங்கு ஆற்றல் உள்ளே வந்தால் சுவரின் தடுப்பு 20 டெசிபல். அவ்வளவுதான். ஒன்பது இஞ்சை எடுத்துவிட்டுப் பதினெட்டு இஞ்ச் கட்டினாலும் 20. கருங்கல் கோட்டை கட்டினாலும் 20. சாலையில் போகும் லாரி வீட்டு முகப்பில் 80 டெசிபல் எழுப்புகிறது என்று வைத்தால், உள்ளே ஏறக்குறைய 60 கேட்கும். படுக்கையறையில் சராசரிச் சத்தம் 30 டெசிபலைத் தாண்டாமல் இருந்தால் தூக்கம் கெடாது என்று 1999-இல் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியது. இந்தியாவின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதியில், வெளியே, இரவுக்கு வைத்த வரம்பே 45தான்.

ஏர்ஹோலை அடைத்தாயிற்று என்று கொள்வோம். அடுத்தது ஜன்னல். இரண்டு சதுர மீட்டர் ஜன்னல், நாலு மில்லிமீட்டர் கண்ணாடி, அயினி மரச் சட்டம். கர்க்கடக மழையில் உப்பிக்கொள்ளும் மரம் மீன மாத வெயிலில் சுருங்கி, சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவே நகம் நுழையும் இடுக்கு விடும். அந்த ஜன்னல் 22 டெசிபல் தடுத்தால் பெரிய காரியம். அதை 50 டெசிபல் சுவரில் வைத்தால் மொத்தத் தடுப்பு 30. சுவரை 56 ஆக்கினாலும் 30தான். ஜன்னலை ரப்பர் பட்டை வைத்து இறுக்கி, கண்ணாடியைக் கனமாக்கி 32 ஆக்கினால் மொத்தம் 40-ஐ நெருங்கும். சுவருக்குச் செலவழித்த ஆயிரங்கள் செய்யாததை ரப்பர் பட்டை செய்கிறது.

வெளி உலகத்திலும் பெரிய மனிதர்கள் இதில் சறுக்கியிருக்கிறார்கள். எழுத்தாளர் தாமஸ் கார்லைல், லண்டன் செல்சீயில் பக்கத்து வீட்டுச் சேவல்களையும் பியானோக்களையும் தாங்க முடியாமல், 1853-இல் தன் வீட்டு உச்சியில் இரட்டைச் சுவர் வைத்து ஒரு எழுத்தறை கட்டினார். வெளிச்சத்துக்குக் கூரையில் கண்ணாடி வைத்தார். சேவல் கொஞ்சம் அடங்கியது. ஆனால் அதுவரை காதில் படாத தூரத்துச் சத்தங்கள் எல்லாம் மேலிருந்து இறங்க ஆரம்பித்தன. அருகிலுள்ள இரைச்சல் தூரத்து இரைச்சலுக்குத் திரை போட்டிருந்தது, திரை விலகியதும் அது வெளியே வந்தது. பாரிஸில் நாவலாசிரியர் மார்செல் ப்ரூஸ்ட் 1910-இல் தன் படுக்கையறைச் சுவர் முழுக்கத் தக்கை ஒட்டினார். தக்கை எடை இல்லாத பொருள். அறைக்குள் எதிரொலி குறைந்திருக்கும், தெருச் சத்தத்தைத் தடுக்க அதனால் அதிகம் முடிந்திருக்காது.

ப்ரூஸ்ட் செய்ததை இன்று பாறசாலையிலும் செய்கிறார்கள், தக்கைக்குப் பதில் ஸ்பாஞ்ச். முட்டை அட்டையை ஒட்டியவர்களும் உண்டு. ஒலியை உறிஞ்சுவதும் ஒலியைத் தடுப்பதும் இரண்டு வேறு வேலைகள். ஹார்வர்டில் இயற்பியலாளர் வாலஸ் சபைன் 1895-இல் ஒரு விரிவுரை அறையின் எதிரொலியை அடக்கச் சொல்லிப் பணிக்கப்பட்டார். பக்கத்து அரங்கின் மெத்தைகளை இரவோடு இரவாகச் சுமந்து வந்து அடுக்கி, எத்தனை மெத்தைக்கு எதிரொலி எத்தனை விநாடி குறைகிறது என்று அளந்தார். மெத்தைகள் அறைக்குள் பிறந்த ஒலியை விழுங்கின. வெளியிலிருந்து வரும் ஒலிக்கு அவை சுவர் ஆகவில்லை, சபைனும் அப்படிச் சொல்லவில்லை. தேங்காய் நார் விரிப்பை வரவேற்பறைச் சுவரில் அடித்தால் டிவி சத்தம் காதுக்கு இதமாகும். டிப்பர் சத்தம் அப்படியே இருக்கும்.

ஆனால் நாருக்கு ஓர் இடம் உண்டு, அது அந்த ஏர்ஹோலில். இந்த ஊரின் புழுக்கத்தில் ஏர்ஹோலை அடைத்துவிட்டு ஏசி போடு என்பது எல்லாருக்கும் சொல்லக்கூடிய யோசனை இல்லை. தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமழையும் பெய்யும் மண், காற்றோட்டம் நின்றால் சுவரில் பூசணம் பூக்கும். பத்மநாபபுரம் அரண்மனையில் சுவர்கள் மரச் சட்டங்களாகவும் சாய்பலகைகளாகவும் இருப்பது இந்தக் காற்றுக்காகத்தான். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராக இருந்த அந்த இடத்தில் மந்திராலோசனை மண்டபமே காற்றோட்டமாகத்தான் கட்டப்பட்டது. அவர்களுக்கு வாசலில் டிப்பர் இல்லை. இன்றைய வீட்டில் காற்றை விட்டு ஒலியைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. வெளித் துவாரத்தையும் உள் துவாரத்தையும் நேருக்கு நேர் வைக்காமல், ஒன்று கீழும் ஒன்று மேலுமாகத் தள்ளி, நடுவே வளைந்து போகும் பெட்டி அமைப்பது. பெட்டியின் உள்முகத்தில் நாரோ கண்ணாடிப் பஞ்சோ பதிப்பது. காற்று வளைந்து போய்விடும். ஒலி ஒவ்வொரு வளைவிலும் மோதி, பஞ்சில் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கும். தாழ்ந்த உறுமலுக்கு இது அதிகம் உதவாது, ஹாரனுக்கும் டயர் சீறலுக்கும் உதவும். நார் என்றால் கறையானுக்கும் தீக்கும் மருந்து ஏற்றியதாக இருக்க வேண்டும்.

இதைவிடச் செலவு குறைந்த வழி வரைபடத்திலேயே இருக்கிறது. சாலைப் பக்கம் மாடிப்படி, குளியலறை, சாமான் அறை. படுக்கையறை பின்பக்கம், அதன் ஏர்ஹோல் ரப்பர் தோட்டத்தைப் பார்த்து. வீடே அப்போது ஒரு பெரிய மதிலாக நின்று பத்து டெசிபலுக்கு மேல் பிடித்து வைக்கும். உண்மையான மதிலும் பயன்தான், அது ஜன்னலிலிருந்து சாலையைப் பார்க்க முடியாதபடி மறைத்தால் 5 டெசிபல், இன்னும் உயர்ந்தால் இன்னும் கொஞ்சம். மாடி ஜன்னலுக்கு மதில் இல்லாததும் ஒன்று, இருப்பதும் ஒன்று. வாசலில் நாலு தென்னையும் ஒரு பலாவும் நட்டால் சத்தம் குறையும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் குறைவு. நூறு அடி ஆழத்துக்கு அடர்ந்த தோப்பு இருந்தால்தான் 5 டெசிபலாவது தேறும். இலைகளின் சலசலப்பு மனதுக்கு நல்லது, அது தனிக் கணக்கு.

சத்தத்தை அது பிறக்கும் இடத்தில் பிடிக்கும் வேலையில் இந்த மாநிலத்துக்கு வரலாறு உண்டு. ஒலிபெருக்கி வைப்பது அடிப்படை உரிமை ஆகாது என்று கோட்டயத்து வழக்கு ஒன்றில் கேரள உயர்நீதிமன்றம் 1990-களின் தொடக்கத்திலேயே சொன்னது. 2000-இல் சென்னையின் மெஜஸ்டிக் காலனி வழக்கில், மேளம், ஒலிபெருக்கியோடு அக்கம்பக்கத்து அமைதியைக் கெடுத்து வழிபட எந்த மதமும் சொல்லவில்லை என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கிக்கு விதிகளில் தடை இருக்கிறது. பங்குனி உற்சவத்தில் பத்து மணி எப்போது அடிக்கும் என்பது வேறு விஷயம்.

சுவர் தேர்வு முடிந்த பிறகு கொத்தனாரோடு நின்று பார்க்க வேண்டியவை சிறியவை. செங்கல்லின் நிலைமூட்டுகளில் சாந்து முழுதாக இறங்கியிருக்கிறதா? பூச்சு எல்லாவற்றையும் மூடிவிடும் என்று மூட்டைக் காலியாக விடும் அவசரக்காரர்கள் உண்டு. ஒரே சுவரின் இரு பக்கமும் ஸ்விட்ச் பெட்டி முதுகோடு முதுகாக வந்தால் அந்த இடத்தில் சுவரின் கனம் வெகுவாகக் குறைந்துவிடும். சுவரின் உச்சி கூரைத் தளத்தைத் தொடும் இடத்தில் கட்டை சரியாகப் பொருந்தாமல் விட்ட விரல் இடைவெளியைச் சாந்து வைத்துத் திணிக்க வேண்டும். கதவு பலாவோ அயினியோ, கனமான மரமாக இருந்தாலும் அடியில் அரை இஞ்ச் விட்டால் அதன் கனம் வீண். உள் பக்கம் வெறும் அட்டைக்கூடான ஃப்ளஷ் கதவு என்றால் அடி இடுக்கைப் பற்றிக் கவலைப்படவே தேவையில்லை, கதவே இடுக்குதான்.

எந்தச் சுவரும் உதவாத ஒரு சத்தமும் இங்கே உண்டு. வார்ப்பு வீட்டின் மொட்டைமாடி ஒழுகுகிறது என்று அதன்மேல் இரும்புச் சட்டம் நிறுத்தி ஷீட் போடுவது கேரளம் முழுக்கப் பரவிய வழக்கம். ஜூன் மாத மழை அதில் விழும்போது ஷீட் முழுவதும் ஒரு தோல் வாத்தியம். கீழே பத்து, பன்னிரண்டு சென்டிமீட்டர் காங்கிரீட் தளம் இருக்கும் அறைக்குப் பெரிய பாதிப்பில்லை, தளத்தின் எடை 250 கிலோவைத் தாண்டும். கஷ்டப்படுவது தளம் இல்லாமல் நேரடியாக ஷீட்டுக்கு அடியில் படுக்கிறவர்களும், மாடியில் ஷீட்டை மட்டும் நம்பி அறை எடுத்துப் பிள்ளையைப் படிக்க வைத்தவர்களும். அவர்களுக்கு ஷீட்டின் அடியில் ஒட்டும் மெல்லிய வெள்ளிக் காகித நுரை வெயிலுக்குக் கொஞ்சம் உதவும், மழைச் சத்தத்துக்கு மிகக் குறைவாகவே உதவும். ஷீட்டின் அதிர்வை அடக்கும் கனமான தார்ப்பட்டை அடியில் ஒட்டி, அதற்குக் கீழே இடைவெளி விட்டுப் பஞ்சோடு ஒரு சீலிங் தொங்கவிட்டால் பலன் தெரியும். கணக்குப் பார்த்தால் பழைய ஓடுகளையே வாங்கி மேய்வது பல நேரம் மலிவாக முடிகிறது. ஓடு கனமானது, துண்டு துண்டானது, சேர்ந்து அதிராது.